மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் புரியவில்லை: எங்கள் அபுனைவு நூல் குழுவுக்கு யோசனை சொல்லுங்கள்

திண்ணை:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஒன்பது பேர். பிறமொழியில் வந்த முக்கியமான அபுனைவு நூல்களை, அதாவது கதை, கவிதை அல்லாதவற்றை, உரிமை பெற்றுத் தமிழில் மொழிபெயர்த்து, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கும்படி வைக்கிறோம். லாப நோக்கம் கிடையாது. எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவிலும் விடுமுறை நாட்களிலும் உட்கார்ந்து செய்கிறோம். மூன்று வருடத்தில் நான்கு புத்தகங்கள் வந்திருக்கின்றன: ஒன்று பொதுச் சுகாதாரம், ஒன்று மண்வளம், ஒன்று தொழிலாளர் வரலாறு, கடைசியாக வந்தது புள்ளியியலைப் பொதுமக்களுக்குச் சொல்லும் நூல்.

நிறையப் பேர் இறக்கிக்கொள்கிறார்கள். ஆனால் படித்து முடித்தேன் என்று யாரும் எழுதுவதில்லை. சரி, நாமே கேட்போம் என்று கேட்டோம். பதினொரு பேர் பதில் எழுதினார்கள், அதில் எட்டுப் பேர் மூன்றாம் அத்தியாயம் வருவதற்குள்ளேயே நிறுத்திவிட்டிருக்கிறார்கள். ஒருவர் எழுதியது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது: "மொழிபெயர்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் புரியவில்லை."

நாங்கள் தேர்ந்தெடுக்கும் புத்தகம் தவறா, கலைச்சொற்கள் தவறா, வேறு ஏதாவதா? இங்கே மொழிபெயர்ப்பாளர்கள், ஆசிரியர்கள், பதிப்பில் இருப்பவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

மெய்ப்புக்காரி:
திண்ணை, முதலில் ஒரு கேள்வி. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், தமிழை மட்டும் படித்துப் பார்த்தவர் உங்கள் குழுவில் யார்?

திண்ணை:
அப்படி யாரும் இல்லை அக்கா. ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்துவார். அப்புறம் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பார்ப்போம். ஒன்பது பேருக்குமே ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

மெய்ப்புக்காரி:
அங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர் உங்கள் தமிழ் வாக்கியத்தைப் படிக்கும்போது, அதன் அடியில் ஆங்கில வாக்கியம் அவருக்குள் தானாக எழுந்துவிடும். அர்த்தத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, தமிழிலிருந்து எடுத்ததாக நினைத்துக்கொள்வார். தப்பு அவர் பேரில் இல்லை, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அடியில் வேறு எதுவும் இல்லாதவருக்கு அந்தத் தமிழ் மட்டும்தான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் மெய்ப்புப் பார்க்கிறேன். ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட நூல்கள்தான் என் கைக்கு மிகக் கரடுமுரடாக வந்திருக்கின்றன, ஏனென்றால் ஒப்பிடுகிறவர் எப்போதும் மூலத்தை நோக்கியே வாக்கியத்தை இழுப்பார்.

புள்ளியியல் நூலிலிருந்து ஒரு பத்தி போடுங்கள், பார்ப்போம். வாசகர்கள் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

திண்ணை:
இரண்டாம் அத்தியாயத்தின் நடுவிலிருந்து:

"நோயின் பரவல் வீதம் குறைவாகக் காணப்படும் மக்கள்தொகையில், உயர் துல்லியத்தன்மை கொண்ட பரிசோதனையின் மூலம் பெறப்படும் நேர்மறை முடிவானது, பரிசோதிக்கப்பட்ட நபருக்கு அந்நோய் இருப்பதற்கான நிகழ்தகவு உயர்வானது என்பதை அவசியமாகக் குறிப்பதில்லை."

இதற்கு நாங்கள் மூன்று நாள் செலவழித்தோம். ஒரு சொல்கூட விடுபடவில்லை.

மெய்ப்புக்காரி:
விடுபடவில்லை, உண்மை. இப்போது இதைச் சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். "பெறப்படும்", "பரிசோதிக்கப்பட்ட" என்று வரிசையாகச் செயப்பாட்டுவினை. தமிழில் யாரும் யாரிடமும் இப்படி ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. அப்புறம் "துல்லியத்தன்மை". துல்லியம் என்றாலே தன்மைதானே, அதற்கு மேல் இன்னொரு தன்மை எதற்கு? ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் விளக்கத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே போகலாம். தமிழில் அது எல்லாமே பெயருக்கு முன்னால் வந்து சேர வேண்டும், அதனால் வாசகர் பத்துச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு எதைப் பற்றிய பேச்சு இது என்று காத்திருக்கிறார். அப்படிக் காத்திருக்கும்போதுதான் புத்தகத்தை மூடுகிறார்.

சொல்தேடி:
நான் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். மெய்ப்புக்காரி அக்கா சொன்னதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நேர்மறை முடிவு" என்று போட்டிருக்கிறீர்கள். என் மாணவர்களிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் பாதிப் பேர் நல்ல செய்தி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நேர்மறைச் சிந்தனை, நேர்மறை எண்ணம் என்றே கேட்டு வளர்ந்தவர்கள். பரிசோதனையில் நேர்மறை என்றால் நோய் இருப்பதாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அகராதிப்படி உங்கள் சொல் சரி, வாசகருக்கு அது நேர் எதிர்த் திசையில் போகிறது.

நான் வகுப்பில் இதை இப்படித்தான் சொல்வேன்: ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும், நோய் உள்ளவரிடமும் சரி, இல்லாதவரிடமும் சரி. ஆயிரம் பேரையும் பரிசோதிக்கிறோம். நோய் உள்ள அந்த ஒருவரை அது பெரும்பாலும் பிடித்துவிடும். மீதி 999 பேருக்கு நோயே இல்லை, ஆனால் அவர்களிலும் நூற்றுக்கு ஒருவரிடம் தவறாக நோய் இருக்கிறது என்று சொல்லும், அது ஏறத்தாழ 10 பேர். ஆக, நோய் இருக்கிறது என்று முடிவு வந்தவர்கள் 11 பேர், உண்மையில் நோயாளி ஒருவர். உங்களுக்கு அப்படி ஒரு முடிவு வந்தாலும் நோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதுதான்.

பழைய_அட்டை:
சொல்தேடி எழுதியது அருமையாக இருக்கிறது, ஆனால் அது மொழிபெயர்ப்பு இல்லை. அது உரை. அந்த எண்கள் மூலத்தில் அந்த இடத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால் ஆசிரியர் எழுதாததை அவர் பெயரில் போடுகிறோம். எளிமை என்ற பெயரில் பாதியாகச் சுருக்கி, வாதத்தின் எலும்பை எடுத்துவிட்ட மொழிபெயர்ப்புகளை நிறையப் படித்திருக்கிறேன், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. கடினமாக எழுத வேண்டும் என்று நினைத்து எழுதிய ஆசிரியரும் உண்டு.

சட்டமும் இருக்கிறது. நூலைச் சிதைத்து ஆசிரியரின் பெயருக்குக் கேடு வந்தால் அதை எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் ஆசிரியரிடம்தான் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அது.

மெய்ப்புக்காரி:
பழைய_அட்டை சொல்வதை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். நான் கோடு போடும் இடம் இது: ஒரு வாக்கியத்தை நான்காக உடைக்கலாம், வரிசையை மாற்றலாம், செயப்பாட்டை எடுத்துவிட்டு யார் செய்தார் என்று சொல்லலாம், இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மூலத்தில் இல்லாத எடுத்துக்காட்டைச் சேர்ப்பது வேறு. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் சேர்க்கலாம், அல்லது மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தனியாகப் பிரித்துப் போடலாம். உயிரோடு இருக்கும் ஆசிரியருக்கு எழுதுங்கள். இந்த இடம் எங்கள் வாசகருக்குப் புரியவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கேட்டால் சந்தோஷப்படுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

திண்ணை:
மூலத்தைத் திறந்து பார்த்தேன். ஆயிரம் பேர் கணக்கு அங்கேயே இருக்கிறது! எங்கள் பத்தி அந்தக் கணக்குக்குப் பிறகு வரும் சுருக்க வாக்கியம். கணக்கை ஒரு அட்டவணையாக மட்டும் கொடுத்திருந்தார்கள், அதைப் படமாக அப்படியே ஒட்டிவிட்டோம், உள்ளே இருந்த ஆங்கிலச் சொற்களோடு. இதை இங்கே எழுதவே சங்கடமாக இருக்கிறது.

வடகரை:
யாழ்ப்பாணத் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். திண்ணை, உங்கள் பொதுச் சுகாதார நூலைப் படித்தேன், முழுதும் படித்தேன், மொழியிலும் உள்ளடக்கத்திலும் நல்ல வேலை. ஒரு குறை. தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களை மட்டுமே தமிழ் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். நீங்கள் "செல்" என்றும் "உயிரணு" என்றும் எழுதுவதை நாங்கள் "கலம்" என்று படித்தோம். உங்களுக்குப் "பரிணாமம்", எங்களுக்குக் "கூர்ப்பு". "மரபணு" எங்கள் பாடநூலில் "பரம்பரையலகு". "வேதியியல்" என்பது "இரசாயனவியல்", "இயற்பியல்" என்பது "பௌதிகவியல்". இரண்டு பக்கத்துக் கலைச்சொல்லையும் நூலின் கடைசியில் ஒரு பட்டியலாகச் சேர்த்தால் போதும், எங்கள் பிள்ளைகளும் பள்ளியில் படித்ததோடு பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஊர்ப் பிள்ளைகள் அவர்கள் மொழியிலேயே படித்து அவர்கள் மக்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உடற்கூற்றியலுக்கு "அங்காதிபாதம்" என்றும் அறுவை மருத்துவத்துக்கு "இரண வைத்தியம்" என்றும் அன்று எழுதினார்கள். அந்தச் சொற்கள் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் செய்தார் பாருங்கள், அதைத்தான் யோசிக்கிறேன். எழுதிய தமிழை அடுத்த நாளே ஒருவன் படித்து, புரிந்துகொண்டு, அதை வைத்து நோயாளியைத் தொட வேண்டும். புரியவில்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

சொல்தேடி:
வடகரை அண்ணா, "கூர்ப்பு" எவ்வளவு அழகான சொல்! நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பட்டியல் யோசனையை நான் செய்து தருகிறேன், அறிவியல் நூல்களுக்கு மட்டும்.

பக்கம்_நாற்பது:
உரிமைகள் பற்றி யாரும் பேசவில்லை, நான் அந்த வேலையில் இருப்பதால் எழுதுகிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இறந்துவிட்டார், எனவே மொழிபெயர்க்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு, அதாவது 1964-இல் இறந்தவரின் நூல்கள் 2025 ஜனவரி 1-இலிருந்து இங்கே பொதுவுடைமை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது 70 ஆண்டுகள். இணையத்தில் வைத்தால் எல்லா நாட்டுக்கும் போகும், அதை யோசித்துக்கொண்டு செய்யுங்கள். இன்னொரு இடறல்: பிரெஞ்சு நூலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறீர்கள், பிரெஞ்சு ஆசிரியரின் காலம் முடிந்துவிட்டது, ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கிறது. அந்த உரிமையை வைத்திருப்பவரிடமும் கேட்க வேண்டும்.

திறந்த உரிமம் போட்ட நூல் என்று நம்பிக் கை வைக்காதீர்கள், உரிமத்தின் கடைசி எழுத்துகளைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிம வகையில் "என்டி" என்று முடிந்தால், மாற்றிப் பகிரக் கூடாது என்று அர்த்தம், மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். "எஸ்ஏ" என்று முடிந்தால் மொழிபெயர்க்கலாம், ஆனால் உங்கள் தமிழ் நூலையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலிநூல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். நூலுக்குள் இருக்கும் படங்கள், வரைபடங்கள், அத்தியாயத் தலைப்பில் வரும் கவிதை வரிகள் பல நேரம் ஆசிரியருக்குச் சொந்தமாக இருக்காது. அவற்றுக்குத் தனி அனுமதி.

திண்ணை:
பக்கம்_நாற்பது, பதிலே போடாத பதிப்பகங்களை என்ன செய்வது? ஒரு நூலுக்கு எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பக்கம்_நாற்பது:
தொடர்ந்து எழுதுங்கள், ஆசிரியருக்கும் நேராக எழுதுங்கள். இந்தியச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது: ஒரு நூல் வெளியாகி ஏழு ஆண்டுகளுக்குள் அந்த மொழியில் உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ மொழிபெயர்ப்பு கொண்டுவரவில்லை என்றால், அதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு நூல், கல்விக்கோ ஆய்வுக்கோ தேவை என்றால் மூன்று ஆண்டு, வளர்ந்த நாடுகளில் பொதுவாகப் புழங்காத மொழி என்றால் ஓராண்டு. ஆனால் அனுமதி கேட்டு மறுக்கப்பட்டதையோ, உரிமையாளரைத் தேடியும் கிடைக்கவில்லை என்பதையோ காட்ட வேண்டும், உரிமையாளருக்கு உரிமைத்தொகையும் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம். எட்டு மாதம் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், என்றாவது தேவைப்படும்.

புதுவரவு:
மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே, ஒன்பது பேர் மூன்று வருடத்தில் நான்கு புத்தகம் என்பதை நாற்பதாக்கலாமே? மனிதர்கள் திருத்தினால் போதாதா?

மெய்ப்புக்காரி:
நானும் திருத்திப் பார்த்தேன், இரண்டு நூல்கள். முதல் வரைவுக்குப் பயன்படுகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போவதால் தப்பு கண்ணில் படாது. ஒரு இடத்தில் "இல்லை" விழுந்துவிட்டது, பத்தி முழுதும் எதிர்ப்பொருள், படிக்க அவ்வளவு சுகமாக இருந்தது. ஆங்கிலத்தில் "வீ" என்று ஒரே சொல், தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு. ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது என்றால் "நாங்கள்", மனிதகுலம் முழுதும் என்றால் "நாம்". இதை அது ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றிப் போட்டிருந்தது. பெண் விஞ்ஞானியை ஒரு பத்தியில் "அவர்" என்றும் அடுத்ததில் "அவள்" என்றும் எழுதியிருந்தது. ஒரு கலைச்சொல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறியது. இதையெல்லாம் பிடிக்க மூலத்தோடு வரி வரியாக உட்கார வேண்டும், அதாவது திண்ணையின் குழு ஏற்கனவே செய்யும் வேலை. நாற்பது நூல் வந்தாலும் கடைசியில் தமிழை மட்டும் படித்துப் பார்ப்பவர் வேண்டும். அவர் நாற்பது நூல் படிக்க முடியாது.

பழைய_அட்டை:
எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லியனைக் கோடி என்று போட்ட நூல் என்னிடம் இருக்கிறது. ஒரு பில்லியன் என்பது நூறு கோடி, ஒரு ட்ரில்லியன் என்பது லட்சம் கோடி. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. அதை நாலரைக் கோடி என்று படித்துவிட்டுப் போனவர் அப்படியேதான் நம்பிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, இதை நான் எல்லா இழையிலும் சொல்வேன்: அடிக்குறிப்புகளையும் சொல்லடைவையும் வெட்டாதீர்கள். மூலத்தில் நாற்பது பக்கம் குறிப்புகள் இருக்கும், தமிழில் ஒரு வரி இருக்காது. ஆசிரியர் ஆதாரம் காட்டிப் பேசியிருக்கிறார், தமிழ் வாசகருக்கு மட்டும் "நான் சொல்கிறேன், நம்பு" என்று போய்ச் சேருகிறது. அது நம் வாசகரை மதிக்காத செயல்.

ஒலிவழி:
நான் திரைவாசிப்பான் வழியாகப் படிப்பவன், திரையில் இருக்கும் எழுத்தை வாசித்துச் சொல்லும் கருவி அது, எனக்குப் பார்வை இல்லை. திண்ணை, உங்கள் நான்கு நூல்களில் இரண்டை என்னால் படிக்க முடிந்தது, இரண்டை முடியவில்லை. தொழிலாளர் வரலாறு வருடிய படங்களாக இருக்கிறது, எனக்கு அது வெற்றுப் பக்கம். மண்வளம் பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் இருக்கிறது, கருவி அர்த்தமில்லாத எழுத்துகளை வாசிக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோட்), ஈபப் என்ற மின்னூல் கோப்பாகப் போடுங்கள். கைப்பேசியில் படிக்கும் மற்றவர்களுக்கும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள அதுதான் வசதி.

புள்ளியியல் நூலில் அந்த ஆயிரம் பேர் அட்டவணை வந்த இடத்தில் கருவி "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டது. நானும் அங்கேதான் நிறுத்தினேன். படத்தை எழுத்தில் விவரித்தால் எனக்கும் கிடைக்கும். பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்றுவதற்கான மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் வந்தது, அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா, 2014-இல். சட்டம் வழி விட்டிருக்கிறது. கோப்பு சரியாக இருந்தால் போதும்.

திண்ணை:
ஒலிவழி, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நூல்களையும் ஒருங்குறியில் மாற்றும் வேலையை இன்றே பிரித்துக் கொடுத்துவிட்டேன். முடிந்ததும் வேறு யாருக்கும் முன்னால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

திண்ணை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதிய நூல் எதையும் தொடவில்லை. புள்ளியியல் நூலின் இரண்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து மறுபடி எழுதினோம், அட்டவணையைத் தமிழில் எழுத்தாகவே போட்டோம், "நேர்மறை முடிவு" போய் "நோய் இருப்பதாக வந்த முடிவு" என்று ஆகிவிட்டது. அப்புறம் அதை அச்செடுத்து என் அத்தையிடம் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பவர். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம் என்றேன்.

இருபத்தாறு கோடுகள். அதில் பத்தொன்பது இடத்தில் வாக்கியம் நீளம், உடைத்தோம், சரியாகிவிட்டது. நான்கு இடத்தில் சொல். மீதி மூன்றை எத்தனை தடவை மாற்றியும் சரியாக வரவில்லை. ஏன் என்று மூலத்தை எடுத்துப் பார்த்தால், அந்த மூன்று இடத்தையும் நாங்களே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். ஒரு இடத்தில் ஆங்கிலத்தில் "அ ஃபியூ" என்று இல்லாமல் "ஃபியூ" என்று மட்டும் இருந்ததை "சிலர்" என்று போட்டிருக்கிறோம், ஆசிரியர் சொன்னது கிட்டத்தட்ட யாருமே இல்லை என்று. இரண்டு பேர் ஒப்பிட்டுத் திருத்திய பக்கம் அது. ஆங்கிலம் தெரியாத அத்தை கோடு போட்டிருக்கிறார்.

அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். எங்கள் பட்டியலில் இருந்த ஏழு நூல்களையும் இரண்டு இரண்டு வரியில் சொன்னதற்கு, ஐந்தைக் கேட்டுத் தலையாட்டினார், குடிநீர் பற்றிய நூலுக்கும் கடன் பற்றிய நூலுக்கும் மட்டும் திரும்பக் கேள்வி கேட்டார். அந்த இரண்டில் ஒன்றுதான் அடுத்தது.

வடகரை:
கலைச்சொல் பட்டியலில் எங்கள் பக்கத்துச் சொற்களை நானும் சொல்தேடியும் சேர்ந்து பார்க்கிறோம். முதல் இரண்டு நூல்களுக்கு முடிந்துவிட்டது, நாளை அனுப்புகிறேன்.

திண்ணை:
மிக்க நன்றி அண்ணா. மூன்றாம், நான்காம் அத்தியாயத்தை அத்தை படிக்கிறார். ஐந்தாம் அத்தியாயத்துக்கு இன்னொரு வாசகர் வேண்டும், பென்சிலோடு.

மெய்ப்புக்காரி:
ஐந்தை எனக்கு அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம்.